பத்துக்கு ஒன்பது

திருவிடந்தை
12.3.2025

பிரவின்குமாருக்கு, ஜெகதீசன் அம்மா வேண்டா எழுதுவது.

நல்லா இருக்கியான்னு கேட்க மாட்டேன். ஏழு வாட்டி போன் பண்ணேன், நீ எடுக்கல. அதான் பேப்பர்ல எழுதறேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. தப்பு இருந்தா இருக்கட்டும்.

நீங்க ரெண்டு பேரும் நடத்தின யூடியூப் சேனல்ல நேத்து 'இரும்பு மாறன்' கேமுக்கு விமர்சனம் போட்டியே, பார்த்தேன். ஜெகா படத்துக்கு மாலை போட்டு, "என் நண்பன் கடைசியா விளையாடின கேம், அவன் சார்பா பத்துக்கு ஒன்பது"ன்ற. ஒன்பதுன்னு யார்ரா உனக்குச் சொன்னது?

அவன் ஆடும்போது பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுகினு இருந்தவ நான். சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வந்ததும் டிவில இரும்பு மாறன் கார்ட்டூனைத்தான் போடுவான். நானும் பார்ப்பேன். அதுல இரும்பு மாறன் மலை ஒசரத்துக்கு ஒரு ரோபோ. சண்டைக்கு முன்னாடி முட்டி போட்டு, ரோட்டுல இருக்கிற ஜனங்களைக் கையால அள்ளி ஓரமா வைப்பான். அப்புறம்தான் அடிப்பான். கேம்ல இன்னாடான்னா வூட்டை மிதிச்சா பாயிண்ட் ஏறுது! ஜெகா கன்ட்ரோலரைக் கீழ வச்சுட்டான். "இது அவன் இல்லம்மா. நாலு மார்க்குதான்"னான்.

என் புள்ள பொய் சொல்ல மாட்டான். ஓட்டல்ல பத்து ரூம் பெருக்கிட்டு வந்து ஆக்கிப் போடுவேன். அப்பவும் "உப்பு கம்மிம்மா"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவான். அவன் வாயில நீ பொய்யைத் திணிச்சிட்ட.

இன்னொண்ணு. நெம்மேலியில லாரி இடிச்சப்ப வண்டியில அவன் பின்னால இருந்தவன் நீ. "உடனே போய்ட்டான்மா, வலியே இல்ல"ன்னு சொன்ன. ரெண்டு மாசமா அதைப் புடிச்சுகினுதான் தூங்கறேன். கேமுக்கே பொய் சொல்றவன், அதுல மட்டும் நெசத்தையா சொல்லியிருப்ப?

பதில் எழுது.

வேண்டா

மாமல்லபுரம்
18.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

போனை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாலு என்று அவன் எனக்கும் மெசேஜ் அனுப்பியிருந்தான். மாலை போட்ட படத்துக்குக் கீழே நாலு என்று எழுதக் கை ஓடவில்லை. ஒன்பது என்றால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இன்று மாற்றிவிட்டேன். அந்த வீடு மிதிக்கிற விஷயத்தையும் அவன் சொன்னபடியே போட்டிருக்கிறேன்.

மற்றதைத் தபாலில் எழுதுவது பாவம். ஆனால் கேட்டுவிட்டீர்கள். அவன் உடனே போகவில்லை. இருபது நிமிஷம் என் மடியில் இருந்தான். வலித்தது அம்மா. "வலிச்சதுன்னு அம்மாகிட்ட சொல்லிடாதடா மச்சான்" என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

என்னைத் திட்டுங்கள்.

பிரவின்குமார்

திருவிடந்தை
24.3.2025

பிரவினு,

மார்க்கை மாத்தினதைப் பார்த்தேன். சரி.

மத்ததைப் படிச்சிட்டு உன் லெட்டரைக் கிழிச்சேன். அப்புறம் ஒட்டி வச்சேன். என் புள்ள ஆயுசுல சொல்லச் சொன்ன ஒரே பொய் அது. அதைப் போய் என்கிட்ட போட்டு ஒடைச்சிட்டியேடா பாவி! நான் ஆயிரம் கேட்பேன், நீ சொல்லிடுவியா? சொல்லாம இருந்திருந்தாலும் உன்னைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். அதுவும் எனக்குத் தெரியுது. இந்தக் கோவத்தை எங்க கொண்டுபோய்க் கொட்டறதுன்னுதான் தெரியல.

இருபது நிமிஷம் மடியில வச்சிருந்தவன் நீ. நான் வச்சிருக்கல.

ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வா. கொழம்பு வைக்கிறேன். உப்பு எப்படின்னு பார்த்து நெசத்தைச் சொல்லு. எனக்கு நாக்குல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.

வேண்டா