ஏழாவது ரெஸ்யூம்

ஸ்வீட்டி,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை.

என் புது கம்பெனியில் சிபாரிசு செய்யச் சொல்லி நீ அனுப்பிய ரெஸ்யூம் கிடைத்தது. உனக்குக் கீழே இருந்த டீமில் எல்லாரும் ராஜினாமா செய்துவிட்டதால் ஆறு பேர் வேலையையும் நீயே பார்க்கிறாயாமே. அந்த ஆறு பேரையும் ஒவ்வொருவராகச் சிபாரிசு செய்து இங்கே இழுத்தவள் நான்தான்.

ஜெப்ரி ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று உன்னிடம் லீவு கேட்டேன்.

"பிள்ளைக்குத்தானேட்டி காய்ச்சல்? லேப்டாப்புக்கு இல்லைல்லா?" என்று சிரித்தாய். அவனுக்கு டிரிப் ஏற, பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். தாராவிக் கோயிலில் ஞானஸ்நானத்தன்று அவனை ஏந்தி நின்ற ஞானத்தாய் நீ!

இப்போதும் அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடிதான் எழுதுகிறேன்.

உன் ரெஸ்யூம் என்னிடமே இருக்கட்டும். லீவு கிடைத்தால் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
அவனைப் பெற்றவள்