ஓத அணையின் மரங்களைத் திருப்பி அனுப்புக

நலமே விளைக. கடலும் ஆறும் காவல் நிற்கும் வெண்கழி நாட்டை ஆளும் கோப்பெருந்தேவி வானவன்நங்கையார் திருவுள்ளப்படி ஓலைநாயகம் எழுதியது: தலைநகர் மேன்மருதூரில் வீற்றிருந்து நாட்டு வேலைகளை நடத்தும் பேரமைச்சர் கடம்பன் மாறனார் காண்க. உமது மாளிகையும் சுற்றமும் வாழ்க என்று அடுத்து எழுதுவது வழக்கம். இம்முறை அந்த வரி வேண்டா என்று தேவியார் தடுத்துவிட்டார்.

சேலாற்று முகத்துவாரத்தில் எழும் ஓத அணை, தேவியார் வாக்குக் கொடுத்துத் தொடங்கிய வேலை. ஓதமாக ஏறிவரும் கடல்நீரை மதகுகளால் உள்ளே தேக்கி, கடல் இறங்கியதும் திறந்துவிட்டால், அந்தப் பாய்ச்சலில் சக்கரம் சுழன்று ஏழூர் நெல்லைக் குத்தும், செக்கை ஆட்டும். வேலை முடியும்வரை மரமும் ஆளும் அரசே தரும் என்பது அவர் சொல். அந்த அணையைப் பார்வையிடச் சென்ற நீர் என்ன செய்தீர்? சோதிடரைக் கேட்டு முகூர்த்தம் குறித்துக்கொண்டு பல்லக்கில் போய் இறங்கினீர். அந்த வேளையில் கடல் ஏறி நின்றது, உள்நீரும் வெளிநீரும் ஒரே மட்டம், சக்கரம் அசையவில்லை. ஓதம் நாளுக்கு இரண்டு நாழிகை பிந்தும் என்பது கழியில் நண்டு பிடிக்கிறவளுக்கும் தெரியும். திதி பார்த்த உமக்குத் தெரியாமற் போயிற்றே!

மதகுக்காவலன் திரையன் கும்பிட்டுச் சொன்னதை அவன் வாய்ச்சொல்லாகவே எழுதும்படி தேவியார் பணித்தார்: "சாமி, கடல் இப்பத்தான் ஏறி நிக்குது. இறங்கட்டும், சித்த நேரம் பொறுங்க, சக்கரம் தானாச் சுத்தும்." நீரோ, ஓடாத சக்கரத்துக்கு அரசு மரம் எதற்கு என்று கடிந்து, மதகுக் கதவு செய்ய வைத்திருந்த நாற்பது மரங்களையும் தலைநகரத்து வசந்த மண்டபத்துக்கு ஏற்றிக்கொண்டு போனீர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நேரம் பார்க்கத் தெரியாதவர் கடலைக் குறை சொன்னாரா என்று தேவியார் நேற்றுச் சபையறியச் சீறினார். அவர் அப்படிச் சினந்து யாரும் கண்டதில்லை.

கதவில்லாத இரண்டு மதகுகள் இப்போது வெறும் மண்ணால் அடைபட்டிருக்கின்றன. ஐந்தாம் நாள் அமாவாசை. அன்றைய பேரோதம் அந்த மண்ணைக் கரைத்தால், பின்னாலிருக்கும் கீழைக்குப்பத்து நூறு வீடும் நீருக்குள் போகும்.

ஆகவே ஆணை: இவ்வோலை கண்ட நாழிகையே நாற்பது மரமும் தச்சரும் உமது யானைகளிலேயே முகத்துவாரம் வந்து சேர்க. கதவு முடியும்வரை நீரும் அணையிலேயே நின்று, ஓதம் ஏறுவதையும் இறங்குவதையும் கண்ணால் கண்டு, திரையன் சொற்படி நடந்துகொள்க. புறப்பட முகூர்த்தம் பார்க்க வேண்டா.

இன்னும் ஒன்று. தேவியார் இன்று காலை தம் ஆறு மாதக் குழந்தையோடு கீழைக்குப்பத்துக்குக் குடிவந்துவிட்டார். அந்த மண்ணடைப்புக்கு நேர் எதிர்வீடு. அமாவாசை கழியும்வரை இங்கிருந்து எழுவதில்லை என்கிறார். மறுமொழி ஓலை அனுப்பற்க; மரத்தை அனுப்புக.

தேவியாரின் நண்டு முத்திரை, அந்த வீட்டு வாசலில் வைத்தே இடப்பட்டது.