பச்சை டேப்

செவ்வாய்க்கிழமை, இரவு.

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. சிங்கப்பூரில், புக்கிட் மேரா கட்டட சைட்டில் மாதம் ஒருமுறை மெஷின்களைச் சோதித்து, சரியாக இருந்தால் அந்த மாத நிறத்தில் டேப் சுற்றுவது என் வேலை. இந்த மாதம் பச்சை. காலையில் ஒரு டிரில்லின் கேபிள் உறை கிழிந்து, உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. மாற்று மெஷின் இல்லை. வேலை நிற்கக்கூடாது என்று பச்சை டேப்பை அந்தக் கிழிசல் மேலேயே சுற்றிவிட்டேன். ஒரு சுற்று டேப் தண்ணீருக்குத் தாங்காது. தெரிந்துதான் செய்தேன்.

மத்தியானம் கூட வேலை செய்யும் முருகேசன் அதே டிரில்லோடு கழிவறைக்குள், ஈரத்தில் நிற்கிறான். டேப் சுற்றிய இடத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இருந்தது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏண்ணே? பச்சை இருக்கே, அதப் பாத்துட்டுதான் எடுத்தேன்."

"உள்ள கிழிஞ்சிருக்குடா. இப்பதான் பாத்தேன்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நல்லவேளைண்ணே, நீங்க பாத்தீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். வேலை முடிந்ததும் விடாமல் காப்பிக் கடைக்கு இழுத்துப்போய் தே தாரிக் டீ வாங்கித் தந்தான்.

குடித்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.