இடிநாவர் மேடை நீங்கியது குறித்து வேந்தர் பாசறைக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. வேயாற்றின் இரு கரையையும் ஒரு குடைக்கீழ்க் காத்தருளும் கோமான், வடவெல்லையில் மூன்று அரண்களை வென்று நிற்கும் வேந்தர், வேய்நாட்டு மாவண்கோ எழுந்தருளியிருக்கும் பாசறைக்கு, கரையூர்க் கோட்டையிலிருந்து தலையமைச்சன் மருதங்கிழான் சேந்தன் தலைதாழ்ந்து எழுதுவித்த ஓலை. பாசறையில் யானையும் குதிரையும் காலாளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே அரசமாதேவியார் நலம், இளவரசியார் நலம். அறுவடை முடிந்தது. மதகுகள் பழுதின்றி உள்ளன.

இடிநாவர் நெடுங்காரியார் வெற்றி விழாவில் முழவுத்திடல் மேடையேறி இன்னும் ஒருமுறை பாடவேண்டும் என்று தாங்கள் விடுத்த ஆணை, பத்து நாள் முன்பு என் கைக்கு வந்தது. அந்த ஆணை நிறைவேறவில்லை. நிறைவேறாததற்குப் பொறுப்பு நான் ஒருவனே. நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். படித்தபின் தாங்கள் விதிப்பதை ஏற்பேன். இதில் பெரும்பகுதி, துறையில் தோணி விடும் எயினி என்பவள் தன் வாயால் எனக்குச் சொன்னது. அவளைச் சான்றாக வைத்தே இதைச் சொல்ல முடியும்.

நெடுங்காரியார் முதன்முதலில் திடலேறிய காலத்தில் தாங்கள் பிறந்திருக்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அரண்மனை இசை அப்போது மாடத்துக்குள் திரைச்சீலை அசையாமல் நடந்தது. அவரோ வெட்டவெளியில் நான்கு பெருமுழவும் இரண்டு கொம்பும் கம்பி நரம்பு கட்டிய யாழும் வைத்துக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்கப் பாடினார். அவைப்புலவர்கள் அதைக் கூச்சல் என்றார்கள். இளையவர்கள் அதற்கு அதிர்பாட்டு என்று பெயர் வைத்தார்கள். மணிக்கட்டில் கருங்கச்சை கட்டிக்கொண்டு ஊர் ஊராக அவர் பின்னால் போனார்கள். தங்கள் தந்தையார் முதலில் சினந்து, பிறகு ஒருநாள் மாறுவேடத்தில் போய்க் கேட்டுவிட்டு வந்து, இடிநாவர் என்று பட்டம் ஈந்தார்.

எயினிக்கு அப்போது வயது பத்தொன்பது. ஆற்றில் வெள்ளம் ஓடிய ஆண்டு அது. எவரும் தோணி எடுக்கத் துணியாத நாளில் தனியாகத் துடுப்புப் போட்டு அக்கரையிலிருந்து வந்தாள். திடலில் முழங்கால் அளவு சேறு. முன்னால் நின்ற உயரமான ஆட்கள் மறைத்ததால் அவளுக்கு மேடை தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கொல்லன் வல்லன் குனிந்து, தன் தோளில் அவளை ஏற்றிக்கொண்டான். அடுத்த ஆண்டு அவளை மணந்தான். பட்டறையில் அவன் உலை ஊதும்போதும், ஆற்றில் அவள் துடுப்பு வலிக்கும்போதும் வாயில் இருந்தது அதே பாட்டுகள்தாம். ஒவ்வொரு திடலுக்கும் இருவரும் சேர்ந்தே போனார்கள். முதல் வரிசையில் மேடையின் இடப்பக்கம் அவர்களுக்கு என்றே இடம் விட்டு நிற்குமளவுக்குக் கூட்டம் அவர்களை அறிந்திருந்தது.

சென்ற மாதம், பங்குனி முழுநிலவு முதல் மேடையேறுவதில்லை என்று நெடுங்காரியார் பறையறைந்து சொன்னார். காரணம் சொல்லவில்லை.

அன்று கரையூர் கிடந்த கிடையை எப்படி எழுதுவேன்? துணிக்கடைக்காரர் முழக்கோலைக் கையில் பிடித்தபடி அளக்க மறந்து நின்றார். நரைத்த தலையுள்ள ஆடவர் நடுத்தெருவில் மறைக்காமல் அழுதார்கள். எந்த ஆண்டு எந்தத் திடலில் தான் நின்றான், கொம்பு ஊதியவர் மயங்கி விழுந்த அன்று யார் அங்கே இருந்தார், விடியும் மட்டும் பாடியது மேலூரிலா கீழூரிலா என்று சந்தை முழுதும் ஒரே வாதம். சில இடங்களில் கைகலப்பு. குரல் இன்னும் குன்றவில்லையே, அரண்மனை அவர் மனத்தைப் புண்படுத்தியிருக்க வேண்டும் என்று ஒரு வதந்தியும் கிளம்பியது.

முழுநிலவு கழிந்த மூன்றாம் நாளில் நாட்டின் ஏழு கூற்றத்திலிருந்தும் கருங்கச்சையர் பதினோராயிரம் பேர் முழவுத்திடலில் வந்து அமர்ந்தார்கள். பேரப்பிள்ளைகளைத் தோளில் வைத்து வந்தவரும் உண்டு. நெடுங்காரியார் தம் சொந்த ஊரான கல்மேட்டுக்குப் போக ஆற்று மரப்பாலத்தைத்தான் கடந்தாக வேண்டும். அந்தப் பாலத்து வழியை அவர்கள் அடைத்துவிட்டார்கள். ஒரு பாட்டுப் பாடாமல் அவரை விடமாட்டோம் என்றார்கள். அவர்களுக்குத் தலைவனாக நின்றவன் கொல்லன் வல்லன்.

அந்த வேளையில்தான் தங்கள் ஆணை வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அதைப் படித்து மகிழ்ந்தேன். இருபத்திரண்டு வயதில் கோட்டை மதிலேறிக் குதித்து அந்தத் திடலுக்கு ஓடியவன் நான். இன்னும் ஒருமுறை கேட்கலாம் என்ற ஆசையோடு ஓலையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் எழுந்து வரவேற்றார். ஆணையைப் படித்தார், மடியில் வைத்துக்கொண்டார். விழாவுக்கு எந்த நாள் உகந்தது என்று கேட்டேன். இந்த ஆண்டு மா நன்றாகப் பூத்திருக்கிறது என்றார். மறுபடி கேட்டேன். என் மீசையையே உற்றுப் பார்த்தார்; பிறகு தலையைக் குனிந்துகொண்டார். வேந்தர் ஆணையை இகழ்கிறார் என்று எனக்குச் சினம் மூண்டது. காவலரை அழைக்க எழுந்து வாயிலுக்கு வந்தேன்.

வாயிலில் எயினி நின்றிருந்தாள். பாலம் அடைபட்டதால், தம்மைத் தோணியில் யாருக்கும் தெரியாமல் அக்கரை சேர்க்கும்படி நெடுங்காரியாரே அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். என் முகத்தைப் பார்த்தே நடந்ததை அறிந்துகொண்டாள்.

"ஐயா, அவருக்குக் காது கேளாது" என்றாள்.

நான் நம்பவில்லை. அவள் சொன்னாள்: ஏழு ஆண்டுகளுக்கு முன் மேலூர்த் திடலில், பாட்டின் நடுவே முழவொன்றின் தோல் பெரும் ஓசையோடு கிழிந்தது. திடலில் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. பாடுகிறவர் தலை மட்டும் திரும்பவில்லை. அன்று முதல் அவள் அவர் கண்ணைக் கவனித்தாள். அது கூட்டத்தின் மேல் இல்லை. தலைமுழவர் அந்துவனாரின் கைகளின் மேல் இருந்தது. இளமை முதல் உடன் வாசித்த அந்தக் கைகள் எழுவதையும் விழுவதையும் பார்த்துப் பார்த்தே அவர் பாடினார். பாட்டு அவர் தொண்டையில் பழகிக் கிடந்தது. தாளத்தைக் கண்ணால் எடுத்துக்கொண்டார். சென்ற ஐப்பசியில் அந்துவனார் காய்ச்சலில் இறந்தார். தை விழாவில் புதியவர் ஒருவர் முழவேற்றார். அன்று ஓரிடத்தில் அரைத்தட்டுப் பிந்திப் பாடினார் நெடுங்காரியார். கூட்டம் ஆரவாரத்தில் அதை அறியவில்லை. எயினி அறிந்தாள். அவர் முகம் வெளுத்ததையும் கண்டாள்.

இதை அவள் எவரிடமும் சொன்னதில்லை, கணவனிடமும் இல்லை.

நான் உள்ளே திரும்பிப் போய், வெற்றோலை ஒன்றை எடுத்து, தங்களுக்குக் கேட்பதில்லையா என்று எழுதி நீட்டினேன். படித்துவிட்டு, "அந்துவன் கைதான் என் காது. அதைப் போன மழையில் எரித்துவிட்டோம்" என்றார். சிரிப்பவரைக் கண்டு அஞ்சவில்லை என்றும், இரக்கப்படுகிறவர்களின் முகத்தை மேடையிலிருந்து பார்க்கவே தம்மால் ஆகாது என்றும், அதற்காகவே காரணம் சொல்லாமல் போக எண்ணியதாகவும் சொன்னார்.

எயினி அவர் எதிரே வந்து, முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாக வாயசைத்துப் பேசினாள். "கள்ளரைக் கடத்துவதுபோல் உங்களைக் கடத்த என் தோணி வராது. பாலத்தின் மேல் போங்கள். வழியை நான் திறக்கிறேன்" என்றாள். அதற்கு அவர்களிடம் உண்மையைச் சொல்லவேண்டும், அதற்கு உங்கள் ஒப்புதல் வேண்டும் என்றும் கேட்டாள். அவர் உடனே ஒப்பவில்லை. முற்றத்துக்குப் போய் மாமரத்தடியில் நின்றார். திரும்பி வந்து, சரி என்று தலையசைத்தார்.

அவள் திடலுக்குப் போனாள். கணவனைத் தனியே அழைத்துச் சொன்னாள். வல்லன் முதலில் சிரித்தான். பிறகு அவள் கையை உதறினான். ஏழு ஆண்டு என் தோளோடு தோள் நின்றுகொண்டே இதை மறைத்தாயா என்று கேட்டான்.

"சொல்லியிருந்தால் நீங்கள் எல்லாரும் அவரை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்திருப்பீர்கள். அவர் அன்றே நிறுத்தியிருப்பார். எனக்குப் பாட்டு வேண்டியிருந்தது" என்றாள். அந்தச் சொல்லைச் சொன்னபோதுதான் தனக்கே தன் ஆசையின் அளவு தெரிந்தது என்று மறுநாள் என்னைத் தோணியில் ஏற்றிவந்தபோது கூறினாள். ஒவ்வொரு திடலிலும் அவர் தவறிவிடக்கூடாதே என்று அஞ்சி நின்றதையும், ஆனாலும் அடுத்த திடல் எப்போது என்று நாள் எண்ணியதையும் சொல்லி, தோணியில் துடுப்பை நிறுத்திவிட்டு அழுதாள்.

வல்லன் சேறு காய்ந்த அந்த மண்ணிலே உட்கார்ந்துவிட்டான். ஏழு ஆண்டு நாம் கத்தினோமே, அதில் ஒன்றுகூட அவர் கேட்கவில்லையா என்றான். அவள் இல்லை என்றாள். பிறகு அவன் எழுந்து பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான். அவன் அடுத்தவனிடம் சொன்னான். பதினோராயிரம் பேரிடையே அந்தச் செய்தி காற்றுப் போவதுபோல் போயிற்று. போன இடமெல்லாம் அமைதியாயிற்று. சிலர் நம்ப மறுத்தார்கள். ஒரு முதியவர் மட்டும், அப்படியானால் அவர் நமக்காகவே பாடினார், அவருக்காக இல்லை என்று சொல்லிக் கச்சையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வழி திறந்தது.

மறுநாள் காலை நெடுங்காரியாரின் கூண்டுவண்டி பாலத்தை அடைந்தது. பாலத்தின் இரு ஓரமும் கருங்கச்சையர் வரிசையாக நின்றார்கள். நானும் நின்றேன். வாழ்த்தொலி எழுப்பப் பழகிய கூட்டம், எழுப்பிப் பயனில்லை என்பதை அறிந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது. வண்டி நடுப்பாலத்துக்கு வந்தபோது வல்லன் செருப்பைக் கழற்றி எறிந்தான். பட்டறையில் சம்மட்டி விழுந்தால் அதிர்ச்சி காலில் ஏறுவதை நாள்தோறும் அறிந்தவன் அவன். பலகையின் மேல் ஓங்கி மிதித்தான். அந்துவனார் எப்போதும் தொடங்கும் அடி: மூன்று தட்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒன்று. எயினி மிதித்தாள். அவளுக்கு அடுத்தவர் மிதித்தார். சிறிது நேரத்தில் பாலம் முழுதும் ஒரே காலாக விழுந்து எழுந்தது. கீழே ஆற்றுநீர் வட்டம் வட்டமாக நடுங்கியது.

வண்டி நின்றது. நெடுங்காரியார் இறங்கினார். பலகையைப் பார்த்தார். கூட்டத்தின் கால்களைப் பார்த்தார். பிறகு தாமும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் நின்றார். அவர் முகத்தில் வந்ததை எழுத என் எழுத்தாணிக்கு வலிமை இல்லை. கண்களை மூடினார். பாடும்போது அந்துவனார் கையைப் பார்த்தே ஆகவேண்டியதால் பல ஆண்டுகளாகக் கண்மூட முடியாதவர் அவர் என்று எயினி பின்பு சொன்னபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

அவர் பாடினார், கோமான். ஆனால் மிதியோசை அத்தனை பெரிதாக இருந்ததால் ஒருவர் காதிலும் அது விழவில்லை. கைநீட்டும் தொலைவில் நின்ற எயினி அவர் தொண்டை அசைவதை மட்டும் கண்டாள். மிதிப்பதை நிறுத்தினால் பாட்டு கேட்கும். நிறுத்தினால் அவருக்குத் தாளம் போய்விடும். அவள் நிறுத்தவில்லை. எவரும் நிறுத்தவில்லை. பாட்டு முடியும்வரை மிதித்தார்கள். அவர் கண்திறந்து, கைகூப்பி, வண்டியேறி, கல்மேட்டுக்குப் போனார்.

பதினொரு பலகைகள் பிளந்தன. வல்லனும் அவன் கூட்டமும் அன்றே புதிய பலகை இட்டு ஆணி அடித்துவிட்டார்கள். அதுவரை கடக்க முடியாததால், அக்கரைப் பக்கம் நின்ற நான் எயினியின் தோணியில் கரை திரும்பினேன்.

கோமான், வெற்றி விழாவில் அவர் பாடமாட்டார். அவரைக் கட்டி இழுத்து வர எனக்குப் படை இருந்தது. வாயும் ஆணையும் இருந்தன. நான் செய்யவில்லை. தாங்கள் அந்தப் பாலத்தில் நின்றிருந்தால் தாங்களும் செருப்பைக் கழற்றியிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில், தங்கள் பெயரால் கீழ்க்காணும் ஆணையை ஏழு கூற்றத்துக்கும் எழுதி, என்னிடம் ஒப்படைத்த மூங்கில் முத்திரையை இட்டிருக்கிறேன். பிழையென்று கண்டால் ஆணையை அழித்து, முத்திரையையும் என் பதவியையும் திரும்பப் பெற்றுக்கொள்க.

ஆணையாவது: விழாவுக்கும் திருமணத்துக்கும் வெற்றிக்கும் நெடுங்காரியாரை எவரும் மேடைக்கு அழைக்கலாகாது. கல்மேட்டுப் பக்கம் போகிறவர்கள் அவரைக் காணலாம். காண்பவர் முகத்துக்கு நேரே நின்று மெல்லப் பேசுக. ஒரு பாட்டு என்று கேட்கலாகாது. அவராகத் தம் வயலிலோ முற்றத்திலோ பாடுவாராயின், தாளம் பிசகினும் பிசகாவிடினும், அங்கே நின்று கேட்பவரை எந்தக் காவலனும் விலக்கலாகாது. பங்குனித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், கரையூர்க் கோட்டையில் முத்திரை இடப்பட்டது. இது வேய்நாட்டு ஆணை. கேட்டவர் கேளாதவர்க்குச் சொல்லுக.