என் பெயருக்குப் பொருள் இல்லையாம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

மகள் அபிநயாவின் வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் குடும்பப் பெயரின் பொருளையும், அந்தப் பெயரில் புகழ்பெற்றவர்களையும் பற்றி எழுத வேண்டும். அவளோ நேற்று ஃபிளெட்சர் என்ற பெயரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அம்பு செய்பவன் என்று பொருளாம். நடிகர்கள், விளையாட்டு வீரர்கள் என்று ஏழெட்டுப் பேரையும் எழுதியிருந்தாள்.

"நாங்கள் எப்ப ஃபிளெட்சர் ஆனனாங்கள்?" என்று கேட்டேன்.

பெயர்களுக்குப் பொருள் சொல்லும் இணையதளத்தில் எங்கள் பெயர் இல்லையாம். அதனால் டீச்சரே இந்தப் பெயரைக் கொடுத்தாராம்.

எங்களில் தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குப் பின்னால் வரும். அவளுடைய குடும்பப் பெயர் குணரத்தினம். அது நான்.

இன்று பஸ் ஓட்டும் ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு எப்சமில் இருக்கும் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தெரிந்த ஆங்கிலத்தில் டீச்சரிடம் சொன்னேன்: "குணமே ரத்தினம் என்று பொருள். அந்தப் பெயர்க்காரன் உங்கள் முன்னால்தான் நிற்கிறேன்." குரல் உயர்ந்துவிட்டது. அவர் முகம் சிவந்துபோனது. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று மன்னிப்புக் கேட்டு, திரும்ப எழுத நாளை வரை நேரம் கொடுத்தார். நல்ல எண்ணமாம்! உன் தகப்பன் பெயருக்குப் பொருளே இல்லை என்று பத்து வயதுப் பிள்ளையை நினைக்க வைப்பதா நல்ல எண்ணம்?

சாப்பாட்டுக்குப் பிறகு அபிநயா புதுத் தாளோடு வந்தாள். புகழ்பெற்றவர்கள் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது.

"அப்பா, நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு எழுதிறது?"

"பஸ் ஓட்டுறன் எண்டு எழுது."

"அது காணாது. இண்டைக்கு டீச்சரோட சண்டை பிடிச்சனீங்கள். அதை எழுதட்டா?"

"ஓம், எழுது" என்றேன்.