வெயிலில் போன போத்தல்

4.8.2003, திங்கள்
வெயில் மண்டையைப் பிளக்கிறது. சோளகக் காற்று, தூசி. பள்ளிக்கூட விடுமுறை, ஆனாலும் வேலை.
சங்கக்கடைக் கிணற்றில் தண்ணீர் அள்ளி மண்ணிறப் போத்தலில் அடைத்தேன். கடைப் பின்சுவரோடு களைநாசினிப் பீப்பாக்கள், அடி கறள் பிடித்து ஒழுகுகின்றன. பத்தடியில் கிணறு. அக்கராயனில் பாதிச் சனம் அதில்தான் குடிக்கிறது.
என் சந்தேகம் நைத்திரோசமைன், களைநாசினியோடு கலந்து வரும் நஞ்சு. மணக்காது. கொதிக்க வைத்தும் பிரயோசனமில்லை. ஈரலைத் தின்னும். வெயில் பட்டால் உடைந்து போகும், ஆனால் மூடி போட்ட கிணற்றுக்குள் வெயில் எங்கே?
கடை மனேச்சர் கந்தையா: "நஞ்செண்டால் நான் எப்பவோ செத்திருக்கோணுமே, டீச்சர்."
செத்திருந்தால் நல்லம்.

5.8
பக்கத்து வீட்டு ராசாத்திக்கு நாலு மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. அவளுக்குச் சொன்னேன்: அகலத் தாச்சிச் சட்டியில் தண்ணீரை மெல்லிசாக ஊற்று, பகல் முழுக்க வெயிலில் வை, பின்னேரம் குடி. கேட்டாள். கேட்டது அவள் ஒருத்திதான்.
கிணற்றடியில் ஒருத்தி: "தண்ணியைக் காயப்போடச் சொல்லுறாவாம். நாளைக்கு மடிச்சு அலுமாரிக்குள்ள வைக்கச் சொல்லுவா."
மூதேசிகள். குடித்துத் தொலையட்டும்.

7.8
தம்பி ரவி கொழும்புக்குப் போத்தல் கொண்டுபோனான். கறுப்புத் துணி சுற்றிக் கொடுத்தேன். வெளிச்சம் படக்கூடாதென்று மூன்று தரம் சொன்னேன். அங்கே ஆய்வுகூடத்தில் என்னோடு படித்தவள் இருக்கிறாள்.
சவர்க்காரம் முடிந்தது. தலையிடி.

26.8, செவ்வாய்
கடிதம் வந்தது. தண்ணீரில் ஒன்றுமில்லை.
பிரதி கேட்டு வாங்கிக் கந்தையா கடைக் கதவில் ஒட்டிவிட்டான்.
நம்ப முடியாமல் ரவியைப் பிடித்துக் கேட்டேன்.
"கறுப்புத் துணி சுத்தின போத்தலோடை ஓமந்தை ஆமிச் செக்கிங்கிலை விடுவாங்களே, அக்கா? அதுதான் உள்ளுக்கிருக்கிறது தெரியிற வெள்ளைச் சோடாப் போத்தலுக்கு மாத்தினனான். கையிலை தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வெயிலுக்குள்ள வரிசையிலை நிண்டன். மத்தியானம் தாண்டியிட்டுது. ஒரு கேள்வி கேக்கேல்லை!"
பெருமை வேறு. செக்கிங்குக்கு உள்சட்டை வரை கண்ணாடிப் பையில் போட்டுப் பழகிய சனம் நாங்கள். எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.
கன்னத்தில் அறைந்தேன். ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது.
கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது நல்ல தண்ணீர். கிணற்றில் இருப்பது அப்படியே இருக்கிறது.

27.8
கடை வாசலில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். போத்தல் வெயிலில் நின்றது, கடிதம் செல்லாது, திரும்ப அனுப்பப் போகிறேன்.
கந்தையா: "வெயிலிலை நஞ்சு போகும் எண்டு சொன்னதும் நீங்கதான். போயிட்டுது எண்டு கடுதாசி வந்தா அழுகிறதும் நீங்கதான்."
சிரிப்பு. ராசாத்தியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளை மட்டும் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.
"மூண்டு கிழமை, பிள்ளை. மறுமொழி வருமட்டும் தாச்சித் தண்ணியைக் குடி."
"தாச்சியை மாமி கோழிக்கு வச்சிட்டா, டீச்சர். கடுதாசியிலதான் ஒண்டுமில்லையாமே."
வாளியை இழுத்தாள். கயிற்றைப் பிடித்தேன். என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள், பைத்தியக்காரியின் கையை எடுப்பதுபோல. இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள்.
"என்ன குளிர், டீச்சர். இவ்வளவு நாளும் சுடுதண்ணி குடிச்சு நாக்கே செத்துப்போச்சு."
திரும்ப அள்ளினாள்.