காற்று திரும்பும்வரை விருந்து

சித்திரை, வியாழன். கடலூர்.

கம்பெனிப் புகையைப் பற்றி இந்த டைரியில் முன்பே எழுதியிருக்கிறேன். கெமிக்கல் கம்பெனி விடும் புகையில் எங்கள் தெருவே இருமுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியோ எப்போதும், புகையை எங்கள் பக்கம் தள்ளும் கடல்காற்று கிளம்புமுன் காலையிலேயே வந்து, "நாத்தமே இல்லியே" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

இன்று நான் விடவில்லை. "சார், என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். சாப்புடாம போனா நல்லாருக்காது" என்று உட்காரவைத்தேன். நிச்சய வீட்டில் யார் மறுப்பார்கள்? மனைவி என்னை முறைத்துக்கொண்டே கேசரி கிண்டினாள். "பாயசம் எங்க மாமா?" என்று மச்சான் நக்கலடித்தான்.

கேசரி முடியுமுன் காற்று திரும்பியது. அழுகின முட்டை நாற்றம்! அதிகாரிக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். அங்கேயே காற்றைச் சோதனைக்குப் பிடித்தார், கம்பெனிக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னார். சிதம்பரம் வரைக்கும் கேட்டிருக்கும், நாங்கள் அடித்த விசில்.

கிளம்பும்போது, "பொண்ண கூப்புடுங்க, ஆசீர்வாதம் பண்றேன்" என்றார்.

"கோயிலுக்குப் போயிருக்கு சார்" என்றேன்.

எனக்கு இருப்பது இரண்டும் பையன்கள்.